சாக்பீஸ் டப்பாவில் பன்னிரண்டு சீட்டு

தேவிப்ரியா டீச்சர் நிகழ்தகவுப் பாடம் எடுத்தால் வகுப்பில் சண்டை வராமல் இருக்காது. இந்த வருடம் அது புளியங்கொட்டையில் வந்தது. பன்னிரண்டு கொட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளைப் புள்ளி வைத்து, துணிப்பையில் போட்டுக் குலுக்கினார். பன்னிரண்டு பேர் வரிசையாகக் கைவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். புள்ளி வைத்தது யாருக்கு வரும் என்று கேட்டார். முதலில் எடுப்பவனுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று பத்தாம் வகுப்பு மொத்தமும் சத்தியம் செய்தது.

திருவரங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் வேறெப்படிச் சொல்வார்கள்? கண்மாய் மீனைக் கூறு போட்டுச் சீட்டு எடுக்கும் நாளில், முதல் கை யாருடையது என்பதற்கே அங்கே வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்கள். கடைசிக் கைக்கு மிஞ்சுவது பொடி மீன்தான் என்பது ஊரே ஒப்புக்கொண்ட விஷயம்.

டீச்சர் வாதாடவில்லை, எடுத்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். நான்கு நாள், இருநூற்று நாற்பது தடவை. கணக்கு எழுதியவள் ரஞ்சிதா. கீரமங்கலம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பெண், பஸ் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவளும் வருவாள். கூட்டிப் பார்த்தால் முதல் கைக்குப் பத்தொன்பது முறை, கடைசிக் கைக்கு இருபத்திரண்டு முறை. பையன்கள் நம்பாமல் பையைக் கவிழ்த்து உதறினார்கள். ரஞ்சிதா மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், எடுத்ததும் யாரும் பாக்காம, கையப் பொத்தி வச்சிருந்து எல்லாரும் ஒண்ணாத் தொறந்தா, மொதக் கை என்ன, கடைசிக் கை என்ன? எல்லாருக்கும் பன்னெண்டுல ஒண்ணுதானே?"

தேவிப்ரியாவுக்குச் சிலிர்த்துவிட்டது. கரும்பலகை நிறையப் பின்னங்களை எழுதித் தான் விளக்க வைத்திருந்ததை இந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அந்த மாதமே திருச்சியில் மூன்று நாள் வானியல் முகாம் என்று கடிதம் வந்தது. பள்ளிக்கு ஒரே ஓர் இடம். பெயர் கொடுத்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டு பேர். சனிக்கோளின் வளையத்தைத் தொலைநோக்கியில் காட்டுவார்களாம் என்று ரஞ்சிதா ஒரு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. பெற்றோர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பாத தலைமை ஆசிரியர் தாஜுதீன், ஒன்றில் மட்டும் தேர்வு என்று எழுதிப் பன்னிரண்டு சீட்டையும் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

குலுக்கல் நாளன்று ரஞ்சிதாவின் பஸ் வரவில்லை. பத்து மணிக்குள் பெயரை அனுப்பியாக வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியாக டப்பாவில் மிஞ்சுவது அவள் சீட்டாக இருக்கட்டும் என்று சொல்லித் தாஜுதீன் குலுக்கினார். முதல் நான்கு பேருக்கும் வெற்றுத்தாள். ஐந்தாவதாக எடுத்த வெற்றிசெல்வன் பிரித்தான், தேர்வு என்று எழுதியிருந்தது. அவன் குதித்து இறங்குவதற்குள் ரஞ்சிதா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் மூச்சு வாங்க நின்றாள். டயர் பஞ்சராம்.

தாஜுதீனுக்கு மனது கேட்கவில்லை. "அந்தப் புள்ள கையே வைக்கலையேப்பா. பாவம், மறுபடி குலுக்கிருவோமா?" என்றார்.

தோற்ற பிள்ளைகளுக்குத் திடீரென்று ரஞ்சிதா மீது ஏகப்பட்ட பாசம் பொங்கியது, ஆமாம் சார் என்றார்கள். வெற்றிசெல்வன் முகம் செத்துப்போனது. உண்மையைச் சொன்னால் தேவிப்ரியாவுக்கும் ஆமாம் சார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாடமெல்லாம் மறந்து, இந்தப் பெண் போக வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் மனதில் இருந்தது.

ரஞ்சிதா டப்பாவைப் பார்த்தாள், வெற்றிசெல்வனைப் பார்த்தாள்.

"குலுக்குறப்ப என் சீட்டும் உள்ளதான சார் இருந்துச்சு?"

ஆமாம் என்றார் தாஜுதீன்.

"அப்ப எனக்கு உள்ள பன்னெண்டுல ஒண்ணு வந்துருச்சு சார். மறுபடி குலுக்கினா எனக்கு ரெண்டாந்தடவ வாய்ப்பு. அவன் ஜெயிச்சத அவன்கிட்டருந்து புடுங்குன மாதிரி ஆயிரும். வேணாங்க சார்."

தாஜுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு வெற்றிசெல்வனின் பெயரை எழுதி அனுப்பினார். ரஞ்சிதா டப்பாவில் மிச்சமிருந்த ஏழு சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்து, வெற்றுத்தாள்தான் என்று பார்த்துவிட்டு ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் தேவிப்ரியா அவளைத் தேடிப் போனார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய மனதை எந்த வகுப்பிலும் தான் பார்த்ததில்லை என்று சொல்ல நினைத்தவருக்கு, வருத்தமாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்க வந்தது.

"இருக்கு டீச்சர். அழுக அழுகயா வருது," என்று தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் ரஞ்சிதா. "ஆனா கணக்கு சரியாத்தானே இருக்கு."