பிள்ளையைத் தூக்கிக் காட்டிய வெள்ளிக்கிழமை

என் உடம்பில் வலிக்காத இடம் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். மூக்கு, அப்புறம் இரண்டு காது. மற்ற இடத்தையெல்லாம் வலி எடுத்துக்கொண்டது. என் மகள் சாயிரா பிறந்து நாற்பதாம் நாள் நான் தலைக்குக் குளித்த அதே வாரம் விரல் கணுக்களில் பிடித்தது. மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று ஒவ்வொன்றாகக் குடியேறியது. இப்போது அவளுக்கு மூன்றரை வயது, எனக்கு இருபத்தைந்து. காலையில் நான் பாயிலிருந்து எழுந்து உட்காருவதற்குள், விடியலுக்கு முன்னே பஜ்ர் தொழப் போனவர்கள் வீடு திரும்பிக் காப்பி குடித்து முடித்துவிடுவார்கள்.

வைத்தியத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. எங்கள் காஜிமார் தெருவில் வாய் உள்ளவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்தான். முடக்கத்தான் ரசம் வை என்றார்கள், வைத்தேன். ஆட்டுக்கால் சாறு குடி என்றார்கள், குடித்தேன். ஓதி ஊதிய தண்ணீர், இடுப்பில் தாயத்து, எல்லாம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், "ஒண்ணும் இல்லம்மா, நல்லாச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் இல்லையாம்! ஒரு வீக்கம், ஒரு புண் இருந்தாலாவது நாலு பேரிடம் காட்டலாம். எனக்கு வந்த நோய்க்கு அந்த மரியாதைகூட இல்லை.

என் வீட்டுக்காரர் அப்துல் அலீமுக்குத் தெற்கு மாசி வீதியில் நூலும் பொத்தானும் விற்கும் கடை. நல்ல மனுஷன்தான், கை நீட்ட மாட்டார். ஜப்பான் பொத்தானில் மயிரிழை கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு வலிக்கிறது என்றால் மட்டும், "நேத்து நல்லாத்தானே இருந்த?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய பொத்தான் டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டலாமா என்று இருக்கும். டப்பாவைத் தூக்கவும் கை வேண்டுமே.

சாயிரா மட்டும் அப்படிக் கேட்க மாட்டாள். காலையில் என் தலைமாட்டில் வந்து நின்று, "இன்னிக்கு எந்தக் கை நல்ல கைம்மா?" என்பாள். சொன்ன கையைத்தான் பிடிப்பாள். குளிப்பாட்டும்போது துவைகல்லின் மேல் அவளே ஏறி நின்றுகொள்வாள், நான் குனிய வேண்டியதில்லை. ஜடை பின்ன விரல் மடங்காது என்று அவள் முடியைக் காதோடு கத்தரித்துவிட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு இப்படியா என்று தெருவே பேசியது, பேசட்டும். சோறு ஊட்ட முடியாத நாளில் நான் படுத்தபடி கதை சொல்வேன், அவள் தானே எடுத்துத் தின்பாள். பாதிச் சோறு பாயில் கிடக்கும். ஒருநாள் ஓடிவந்து மடியில் விழுந்தவளை வலி தாங்காமல் தள்ளிவிட்டேன். அன்று முழுக்க எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பெருமையாக வளர்த்தேன் என்று சொல்லவில்லை. இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு வளர்த்தேன்.

அவளை விட்டால் என் வலியை நம்பிய இன்னொரு ஆள் பக்ருன்னிசா மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து ஊரான பரவையில் வாழ்க்கைப்பட்டவர். அவரைக் கட்டிய மாப்பிள்ளை முகைதீன் பிச்சைக்கு வெற்றிலை வியாபாரம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. மதினி எப்போது வந்தாலும் எண்ணெய் காய்ச்சி என் விரல்களை ஒவ்வொன்றாக உருவிவிடுவார். "எலும்புக்குள்ள குடையுதாடி?" என்று கேட்ட ஒரே மனுஷி அவர்தான். ஒருநாள் அப்படி உருவும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "பெத்த புள்ளையத் தூக்க முடியல மதினி. இடுப்புல வச்சு ஒரு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டேன். அவரும் சேர்ந்து அழுதார். என் வாய் அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மதினியும் அவர் மாப்பிள்ளையும் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். சாயிராவுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு. நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். கை கழுவிய பிறகு முகைதீன் பிச்சை தொண்டையைச் செருமினார்.

"மாப்ளகிட்டப் பேசியாச்சு தங்கச்சி. சாயிரா எங்களோட வந்து இருக்கட்டும். இன்னிக்கே கூட்டிட்டுப் போறோம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளைக்கு?" என்றேன்.

"ஒனக்கு ஒடம்பு சரியாகுற வரைக்கும்" என்றார் முகைதீன் பிச்சை.

சரியாகிற வரைக்கும்! மூன்றரை வருஷமாகச் சரியாகாத உடம்பு. இனி என் பிள்ளை பெருநாளைக்குப் பெருநாள் விருந்தாளி மாதிரி வந்து போகும் என்பதைத்தான் இவ்வளவு பதவிசாகச் சொல்கிறார்.

"நான் பறிக்க வரல பீவி" என்றார் மதினி. "நீதானே சொன்ன, புள்ளையத் தூக்க முடியலன்னு? அந்தச் சொல்லு என்னையத் தூங்க விடல. எங்கிட்டக் கெடக்கட்டும், நீ ஒடம்பத் தேத்து."

"வலிக்குதுன்னு சொன்னேன் மதினி. கொண்டு போங்கன்னு சொல்லலையே."

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "புள்ள தெருவுல ஓடி வண்டிக்குக் குறுக்க விழுந்தா யாரு புடிக்கிறது? ஒன்னால ஓட முடியுமா? வாளியத் தூக்க முடியாது, கையக்கூட மடக்க முடியாது. நீயே சொல்லு."

அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷம் என் வலியை ஒரு பொழுதும் நம்பாதவர், அன்றைக்கு ஒரு நாள் முழுசாக நம்பினார். அதுவும் எதற்கு? அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யும் இல்லை.

சாயிரா புதுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொலுசு சத்தம் கேட்கவென்றே நடந்துகொண்டிருந்தாள். "குப்பி வீட்டுல கன்னுக்குட்டி இருக்காம்மா" என்றாள். அத்தாவின் அக்காளை அவள் குப்பி என்றுதான் கூப்பிடுவாள். "நீயும் வாரியா?"

முகைதீன் பிச்சை வெளியே எட்டி ஜட்காக்காரனைக் கூப்பிட்டார். மதினி எழுந்து பிள்ளைக்குக் கை நீட்டினார்.

"யாரு சொன்னது என்னால தூக்க முடியாதுன்னு?" என்றேன்.

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். சாயிராவின் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி இடுப்பில் வைத்தேன். மணிக்கட்டு இரண்டிலும் ஆணி இறங்கியது போல் இருந்தது. தோளில் ஏதோ பிசகியது. யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் அலறிக்கொண்டு முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டேன். கூடத்தைக் கடந்தேன், முற்றத்தைச் சுற்றினேன், வாசல் இறங்கி ஜட்கா நின்ற இடம் வரை போய்க் குதிரையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். தண்ணீர் தூக்கி, மாவாட்டித் தரும் தங்கப்பொண்ணு குடத்தோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். சாயிராவுக்குத் தலைகால் புரியவில்லை. என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரியோ சிரியென்று சிரித்தாள்.

"நல்லாத்தானே தூக்குது!" என்றார் முகைதீன் பிச்சை.

மதினி மட்டும் என் முகத்தையே பார்த்தார். "அப்ப அன்னிக்கு அழுதது?"

வலிக்கிறது என்று சொன்னால் பிள்ளை ஜட்காவில் ஏறும். வலிக்கவில்லை என்றால் இடுப்பிலேயே இருக்கும். யோசிக்க என்ன இருக்கிறது?

"சும்மா அழுதேன் மதினி."

"நடிச்சியா?"

"ஆமா. நடிச்சேன். வேலை செய்யச் சோம்பலு."

மதினி, "ஒனக்காகப் பத்து நோன்பு வச்சேன்டி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். சாயிராவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார், பாவாடையும் கொலுசும் அவளுக்கே இருக்கட்டும் என்றார். எனக்கு ஸலாம் சொல்லாமல் படியிறங்கினார். என்னை நம்பிய ஒரு மனுஷியை நானே என் வாயால் பொய்க்காரியாகி அனுப்பிவைத்தேன்.

ஜட்கா தெரு திரும்பிய பிறகுதான் பிள்ளையை இறக்க முடியவில்லை என்று தெரிந்தது. விரல்கள் விறைத்துப் போயிருந்தன. சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தேன், அவளாகச் சறுக்கி இறங்கினாள்.

என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தால் அவருக்குச் சந்தோஷம்! "அடி கள்ளி, மூணரை வருஷமா என்னையே ஏமாத்திட்டியே" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். பாவம், உண்மையிலேயே மனசு லேசாகிவிட்டது அவருக்கு. சாயங்காலம் தங்கப்பொண்ணிடம், "நாளையிலருந்து நீ வர வேணாம் தாயி, வீட்டுக்காரியே பாத்துக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் என்னத்தைச் சொல்ல? அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தேன்.

மறுநாள் வெயில் முற்றத்தில் இறங்கியும் என்னால் புரண்டு படுக்க முடியவில்லை. கை இரண்டும் என்னுடையவையாகவே இல்லை. "எந்திரி, எந்திரி, அந்த நாடகமெல்லாம் நேத்தோட சரி" என்று செல்லமாகச் சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனார். தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நேரம். வெறும் குடம் வாசலில் கிடந்தது.

கொலுசு சத்தம் கேட்டது. சாயிரா பாய் ஓரத்தில் வந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"தூக்கும்மா. குதிரை பாக்கப் போவோம்."

"முடியலடா தங்கம். அம்மாவுக்கு ரொம்ப வலிக்குது."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அத்தா மாதிரியே சிரித்தாள்.

"நடிக்காதம்மா."

மூன்றரை வருஷத்தில் அவள் என்னை நம்பாமல் பேசிய முதல் பேச்சு அதுதான். அவளை என்னிடமே வைத்துக்கொள்வதற்காக நான் சொன்ன பொய்யை, மற்றவர்கள் நம்பியதைவிட அவள்தான் நன்றாக நம்பியிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

தூக்கிய கையை அவள் இறக்கவே இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.