பேர் போடாத தலைப்பு

பினாங்கு சூலியா தெருவில் சிக்கந்தர் அண்ணன் டீக்கடை வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்த எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் பேப்பர் தலைப்பு எப்படி ஓடும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். தினமும் காலையில் அண்ணன் பேப்பரைப் பிரித்து, பெரிய எழுத்தை மட்டும் படித்து, டீ குடிக்கிறவர்களுக்குத் தமிழில் சொல்வார். கீழே இருக்கும் பொடி எழுத்து அவருக்கும் ஓடாது. அதைக் கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வரும்.

"தலைப்பு எழுதுறவன் சரியான கஞ்சன் லா" என்பார். "சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் முழுங்கிடுவான். நேத்து முங்குன கப்பல இன்னிக்கு முங்குதுன்னுதான் எழுதுவான். நடுவுல 'டூ'ன்னு வந்தா, இனிமேதான் நடக்கப் போவுதுன்னு அர்த்தம்."

எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேன். அவர் சொல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்தும் வைத்திருந்தேன். செத்தவர் பேர் தலைப்பில் வரும். தோட்டத்துத் துரை காய்ச்சலில் போனபோது வந்தது. ஒரு துரைசானி மாடிப்படியில் விழுந்து போனபோது வந்தது. கால் ஒடிந்த பந்தயக் குதிரையைச் சுட்டபோது அதன் பேரும் வந்தது.

என் புருஷன் நல்லமுத்து கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்துக்கு அப்பால் ஒரு கல்மலையில் கல் உடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையானால் ஃபெர்ரி ஏறி சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் படித்தார்.

"கல்மலையில் சரிவு. நாலு கூலிகள் பலி."

அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, இப்பவே ஃபெர்ரி ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துடு. கடலையை நான் பாத்துக்கறேன்."

"பேர் போட்டிருக்கா அண்ணே?"

"இல்ல."

"அப்போ அவரு இல்ல. அவரா இருந்தா பேரு வந்திருக்குமே."

அண்ணன் மடித்த பேப்பரைத் திரும்பப் பிரித்து அந்தத் தலைப்பையே பார்த்தார். இத்தனை வருஷம் படிக்கிறார், இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் சனிக்கிழமைக்கு நெத்திலிக் கருவாடும் வாங்கிப் போனேன்.

வியாழக்கிழமை கல்மலைக் கங்காணியின் ஆள் சுங்கை பினாங் முழுக்க விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தான். கையில் அவருடைய வேட்டி, சட்டை, புகையிலை டப்பா. திங்கட்கிழமை மலை சரிந்ததாம்.

"செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம்கா. சொந்தக்காரங்க யாராச்சும் வருவாங்கன்னு. அதுக்கு மேல தாங்காதுன்னு பொதைச்சிட்டோம்."

செவ்வாய் காலை போயிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். ஒரு பிடி வாய்க்கரிசி போட்டிருப்பேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. குதிரைக்குப் பேர் போட இடம் இருந்தது, என் புருஷன் பேருக்கு இல்லையா? அந்தப் பேப்பர்காரன் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அப்புறம்தான் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதேன். அதில் அவர் வாசனை இல்லை. கல்தூசிதான் இருந்தது.

மறுநாள் காலை கடலை இல்லாமல் வெறுங்கையோடு கடைக்குப் போனேன்.

"செவ்வாய்க்கிழமை பேப்பரை எடுங்க அண்ணே. அந்தத் தலைப்பைத் திரும்பப் படிங்க. அவரு பேரைப் போட்டுப் படிங்க."

"தங்கச்சி, வேணாம் லா."

"படிங்கண்ணே."

பழைய பேப்பர் கட்டிலிருந்து அதைத் தேடி எடுத்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். எப்போதும் உட்கார்ந்து படிக்கிறவர் அன்றைக்கு எழுந்து நின்றார்.

"கல்மலையில் சரிவு. நல்லமுத்துவும் இன்னும் மூணு பேரும் பலி."

அந்தப் பேர் தெருவரைக்கும் கேட்டது. எனக்கு வேண்டியது அதுதான். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன், யாரும் தடுக்கவில்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த ரிக்‌ஷாக்காரர் சின்னையா கொஞ்ச நேரம் பொறுத்து மெல்லக் கேட்டார். "அந்த மூணு பேரு யாரும்மா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கங்காணியின் ஆள் வெயில் தாழும் வரைக்கும் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். நான் அதைக் கேட்கவே இல்லை.