பக்கவாட்டில் ஓடிய பெயின்ட்

நோரீன் ஹாப்குட்டுக்கு அறுபத்தேழு வயது, அவளுடைய காருக்கு ஐம்பது. இரண்டிலும் மாற்றுப் பாகம் எதையும் பொருத்த அவள் சம்மதித்ததில்லை. முழங்காலை மாற்றச் சொன்ன டாக்டரையே இரண்டு வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கிலாந்தில், வார்விக்ஷயரில் ஒரு பெரிய மாளிகையின் புல்வெளியில் பழைய கார் சங்கத்தின் வருடாந்திரப் போட்டி. அழகுக்கு அங்கே பரிசு கிடையாது, அசலுக்குத்தான். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு பிசகுக்கு ஒரு புள்ளி போகும். மூன்று வருடமாகக் கோப்பையை வைத்திருக்கும் டெரிக் பாம்ஃப்ரட் இந்த வருடமும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி, அந்தத் தாளை ஊரறிய வைப்பருக்கு அடியில் செருகியிருந்தான். நோரீனுக்கு இதுவரை ஒன்றுதான் போயிருந்தது. இன்னொன்று போனால் இருவரும் சமம். சமமானால் கோப்பை பழைய ஆளிடமே தங்கிவிடும்.

நடுவர் டில்லட்சனுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் டார்ச், மறு கையில் பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் நீளக் காம்புள்ள கண்ணாடி. பானெட்டுக்குள் தலையை விட்டு ஹோஸ்களைத் தடவினார், கம்பிக் கிளிப்புகளை எண்ணினார், ரேடியேட்டர் மூடியிலிருந்த எண்ணைத் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. பிறகு ரேடியேட்டரின் மேல்தொட்டியில் டார்ச் நின்றது. அங்கே கறுப்புப் பெயின்ட் விரல் நீளத்துக்கு வழிந்து உறைந்திருந்தது.

"இது வீட்டுல அடிச்ச பெயின்ட் மேடம். ஒழுகியிருக்கு. ஒரு புள்ளி எடுக்கணும்."

"எந்தப் பக்கமா ஒழுகியிருக்குன்னு பாருங்க தம்பி."

பார்த்தார். வழிசல் கீழ்நோக்கி வரவில்லை. இடமிருந்து வலமாக, படுக்கைக் கோடாக ஓடியிருந்தது.

"தொழிற்சாலையில ரேடியேட்டரை நிமித்தி வச்சு அடிக்க மாட்டாங்க. இடது தாங்கியில கொக்கியை மாட்டி, பக்கவாட்டுல தொங்கவிட்டு ஸ்ப்ரே அடிப்பாங்க. அப்போ பெயின்ட் இப்படித்தான் ஓடும்."

டெரிக் தேநீர்க் கோப்பையோடு வந்து சேர்ந்தான். வம்பு நடக்கும் இடத்தில் அவன் இல்லாமல் இருந்ததில்லை.

"சாய்ச்சு வச்சு நான்கூட அடிப்பேனே. சாயந்தரம் என் ஷெட்டுக்கு வா, காட்டறேன்."

"நீ அடிச்சா ஒழுகாது டெரிக். உன் கார்ல எதுவுமே ஒழுகாது, எண்ணெயைத் தவிர."

டில்லட்சன் சிரிக்கவில்லை. "கொக்கி விஷயம் புத்தகத்துல இல்லையே மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகம் எழுதினவரா பெயின்ட் அடிச்சாரு? நான் அடிச்சேன். கவென்ட்ரி தொழிற்சாலையில, பதினேழு வயசுல. ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது ரேடியேட்டர்."

டெரிக்கின் தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றது. பன்னிரண்டு வருடமாக இந்தச் சங்கத்தில் எத்தனை பேர் அவளிடம் வந்து, "உங்க வீட்டுக்காரர் காரை அருமையா வச்சிருக்கார்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த மனிதருக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கவே அடுத்த வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.

"சொன்னா போதாது மேடம். ஆதாரம் வேணும்."

"இடது தாங்கி, கீழ்த் துளை, பின்பக்கம். கொக்கி பிடிச்ச இடத்துல பெயின்ட் படாது. நகத்தளவு, பிறை மாதிரி துருப்பிடிச்சிருக்கும். ரேடியேட்டரைக் கழட்டாம அங்க யார் கையும் போகாது."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. நான் அதைக் கழட்டினதே கிடையாது. நீங்க பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அது நிச்சயமில்லை. காரை வாங்குவதற்கு முன்னால் யாராவது ரேடியேட்டரை மாற்றியிருந்தால் கோப்பையோடு அவள் சொல்லும் போய்விடும். டில்லட்சன் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து, கண்ணாடியை உள்ளே விட்டார். டார்ச்சை இரண்டு முறை சாய்த்துப் பிடித்தார்.

"இருக்கு," என்றார்.

அவளும் பார்க்கட்டும் என்று கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். செம்பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பிறை. நோரீனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறைக்கவும் அவள் முயலவில்லை.

"இதே மாதிரி வழிசலுக்கு மேஸ்திரி என்னைப் பத்து பேர் நடுவுல நிக்கவச்சுத் திட்டியிருக்கார் தம்பி. ஒரு தப்புக்கு ரெண்டு தண்டனையா?"

டில்லட்சன் தாளில் குறித்திருந்த புள்ளிக் கழிவை அடித்துவிட்டார். பிறகு, நடுவர் கேட்கக் கூடாத கேள்வியைத் தயங்கிக் கேட்டார். "அப்போ இது உங்க கைதானா?"

"தெரியாது. அந்த வரிசையில நாங்க மூணு பேர்." கொஞ்சம் யோசித்தாள். "மத்த ரெண்டு பேரும் கெட்டிக்காரிங்க."

தொண்ணூற்றொன்பது. மாலையில் கோப்பை அவளுடைய முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. டெரிக் வந்து கதவோரம் நின்றான். தோற்றதைவிட, கண்ணாடிபோல் மினுங்கும் தன் ரேடியேட்டர்தான் அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

"நோரீன், என்னோடதையும் கழட்டித் தரேன். நீயே தொங்கவிட்டு அடிச்சு, அதே மாதிரி ஒரு வழிசல் விட்டுக் குடேன். அதே கைதானே, அசல்தானே."

நோரீன் சாவியைத் திருகினாள். எஞ்சின் முதல் திருகலிலேயே கிளம்பியது.

"அன்னிக்கு நான் வேணும்னு ஒழுகவிடல டெரிக்," என்றாள். "நல்லா அடிக்கத்தான் பார்த்தேன்."