ரத்தினபாய் சொன்ன ஆமென்

தாம்பரத்தில் இரண்டு மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார வைத்தியர்தான் தலையில் கைவைத்துச் செய்யும் அந்த வைத்தியத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தார். 1968ஆம் வருஷம். மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புகள் பல்லோடு பல் கோத்ததுபோல் சேர்ந்திருக்கின்றன. கோத்த இடங்களில் மயிரிழை அளவு அசைவு உண்டு என்பது அவர் கட்சி. மூளையைச் சுற்றியுள்ள நீர் நிமிஷத்துக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும். அது மூச்சும் அல்ல, நாடியும் அல்ல. அழுத்தாமல் கைவைத்துக் காத்திருந்தால் தெரியும் என்றார். தெரிகிறதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் உத்தியோகம். சனிக்கிழமைகளில் அஸ்தினாபுரம் வீட்டில் தலைவலிக்காரர்களையும் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த ரத்தினபாய் டீச்சர், "அசரியா சார்" என்று என்னைத் தேடி நான்கு மாதமாக வந்தார்.

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பெஞ்சில் படுப்பார். பிடரியை உள்ளங்கைகளில் ஏந்தியபடி உட்கார்ந்திருப்பேன். கால்மணி நேரம் பேச்சிருக்காது. கையை எடுத்ததும் "ஆமென்" என்பார். தலையில் கைவைத்து ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். என் மௌனத்தை அவர் ஜெபம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. வராத ஓர் அசைவுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

"இன்னிக்கு அசையுதா சார்?"

"அசையுதும்மா."

"அப்ப அந்த எக்ஸ்ரே வேணாம். டாக்டர் சீட்டு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, அசரியா சார் கையைக் கழட்டி வாங்கினு வந்துடு, ரிக்‌ஷா செலவு மிச்சம்னு."

நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை, கிளம்பும்போது அவருடைய இடது தோள் கதவு நிலையில் மோதியது. "ஒரே இருட்டா கீது" என்றார். காலை பதினொரு மணி. அவருடைய இடப்பக்கம் விரலை நீட்டி, "தெரியுதா?" என்றேன்.

"எது சார்?"

உட்காரச் சொன்னேன்.

"டீச்சர், உங்க தலையில எனக்கு எதுவும் அசையல. ஒரு நாளும் அசையல. நான் ஜெபிக்கவும் இல்ல."

"பின்ன இன்னாதான் பண்ணீங்க?" என்றார்.

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"நாலு மாசமா ஆமென் சொல்லிகினு இருந்தேனே சார்."

திங்கட்கிழமை அவரையும் கணவர் தயாளனையும் மின்சார ரயிலில் பட்டணத்துப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார்.

ரத்தினபாய் என் பக்கம் திரும்பாமல், "ரெண்டு வாரமா" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். தயாளன் தரையைப் பார்த்தார். அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"நாலு மாசம்" என்றேன். "எக்ஸ்ரே சீட்டு இருந்தும் இவங்க வராததுக்குக் காரணம் நான்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு தலையைத் தூக்காமலே என்னிடம், "நீங்க வெளிய இருங்க" என்றார்.