பாம்புகளுக்கு நனையாத வீடு

பெக்காசி நகரத்தில் மழைக்காலம் வந்தால் என் தங்கை நிங்சியின் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் முழங்கால் வரை ஏறும். தரையை உயர்த்தித் தாருங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கணவன் குனார்தோவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் ஒருவழியாக அந்த மனுஷன் செங்கல், சிமெண்ட், பலகை எல்லாம் கொண்டுவந்து இறக்கினான். அவளும் நம்பிவிட்டாள், பாவம்.

பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு எழுந்தது அவனுடைய இரண்டு மலைப்பாம்புகளுக்கான கூண்டு. இடுப்பளவு செங்கல் மேடை, அதன்மேல் பலகைச் சுவர், மூலைமுடுக்கெல்லாம் நீர் புகாத பசை, நகரும் கண்ணாடிக் கதவு, சூட்டு விளக்கு.

"அதுங்களுக்கு ஈரம் ஆகாது மச்சான். சளி புடிச்சுக்கும்," என்றான்.

"உன் மகளுக்கு?"

"அவ மனுஷப் பிள்ளை. தாங்கிக்குவா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சூடான காப்பியை அவன் தலையில் ஊற்றலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை பாம்புகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன்னைப்போன்ற பாம்புப் பிரியர்களோடு பூங்காவில் படம் எடுத்துக்கொள்ளப் போனான். அன்றைக்கென்று மழை பிளந்துகட்டியது. நான் பதறி நிங்சி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கே கட்டில் மிதக்கிறது. நிங்சியும் மகள் தியாஸும் காலிக் கூண்டுக்குள் சொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குனார்தோவும் கழுத்தில் பாம்புகளோடு தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தான். மகளைப் பார்க்கவில்லை, கூண்டிலிருந்த வெப்பமானியைப் பார்த்தான்.

"கதவ ஏன் தொறந்து வெச்சிருக்க? சூடெல்லாம் வெளிய போகுது பாரு."

நிங்சி கூண்டைவிட்டு இறங்கினாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

வெள்ளம் வடிந்ததும் மார்த்தாபாக் பலகாரப் பொட்டலத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"வீட்டுக்கு வா நிங்சி. இனிமே உங்க மேல ஒரு சொட்டு படாது."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "தரைய உசத்திட்டீங்களா?"

"அது எதுக்கு? கூண்டுக்கு மேலயே உங்க ரெண்டு பேருக்கும் இன்னொரு அடுக்கு கட்டிட்டேன். தனி விளக்கு, தனிக் கதவு."

நிங்சி அவனையே பார்த்தாள். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம்தான்," என்றான், பெருமை குறையாமல். "உள்ள வெச்சா அப்புறம் அது என்ன கூண்டு?"

அவள் பொட்டலத்தை வாங்கி மகளிடம் கொடுத்தாள். பிறகு என் வீட்டுக் கதவை அவன் முகத்துக்கு நேரே சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.