இறக்கை நரம்பு

“அந்த வெள்ளத் துணிய எடுத்துட்டு வா” என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தபோது தையல்காரியின் வாயில் குண்டூசிகள் இருந்தன. எதிரே வக்கீலம்மா ஒரு கையை நீட்டியபடி நின்றாள். அவளுடைய கருப்புக் கோட்டின் ஒரு கை அளவு பிடித்து ஊசி குத்தியாகிவிட்டது. இன்னொன்று தோளிலிருந்து பிரிந்து தொங்கியது. “போயிட்டு வாங்க. நான் இப்படியே நிக்கறேன்” என்றாள் வக்கீலம்மா. இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது.

பூத்துப்போன கொத்தமல்லிப் பாத்தி ஓரமாகத் தையல்காரியின் கணவர் குப்புறப் படுத்திருந்தார். அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு விதைக்கலாம் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். பூச்சி வருகிறதாம், தொடக் கூடாதாம். அவள் துணியை விரித்துப் பிடித்தாள். வெயில் அதில் பட்டு வெள்ளைப் பூங்கொத்தின் அடியில் வெளிச்சமாக விழுந்தது. பழுப்பு வயிற்றில் மஞ்சள் பட்டையோடு பூச்சி ஒன்று அங்கே மேய்ந்துகொண்டிருந்தது.

“தள்ளிப் பிடி. உன் நிழல் விழுது.”

தள்ளிப் பிடித்தாள்.

“மூச்சு விடாத.”

அதையும் நிறுத்தினாள். கேமரா படபடவென்று அடித்து ஓய்ந்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். “போச்சு. காத்து.”

ஒரு இலைகூட அசையவில்லை. சொன்னால் சண்டை வரும். உள்ளே கோட்டோடு ஒருத்தி நிற்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தவர் அவர். பச்சைக் குழந்தை என்றால் நர்சுகளே அவரைத்தான் தேடுவார்கள். விரல் நுனியால் ஒருமுறை தடவினால் நரம்பு இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிடும். போன வருஷம் ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்து, புது சூப்பர்வைசரோடு ஒத்துப்போகவில்லை, வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கேமரா. பூவும் பூச்சியும் எடுத்துப் போட்டால் பெயர் சொல்கிற குழு ஒன்று இணையத்தில் இருந்தது. அதில் சேர்ந்ததிலிருந்து ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்தின் பக்கத்தில் மூடி போட்ட டப்பாவில் வண்டு உட்கார்ந்திருக்கிறது. குளிரில் அடங்கியிருக்குமாம்.

குழுவில் வண்டு வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவரோடு அவருக்குத் தகராறு. கொத்தமல்லிப் பூவில் வருவது அபூர்வமான காட்டுத் தேனீ என்று இவர் சொல்ல, தேனீ மாதிரி வேஷம் போட்ட ஈயாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். ‘படம் அசைந்திருக்கிறது. ஈக்கு இறக்கை ரெண்டு, தேனீக்கு நாலு; இதில் எத்தனை என்று தெரியவில்லை. இறக்கை நரம்பு தெளிவாக விழுந்தால் உறுதியாகச் சொல்லலாம்’ என்று ஒவ்வொரு முறையும் அதே பணிவோடு எழுதுவார். அந்தப் பணிவுதான் இவருக்கு ஆகவில்லை. “நான் பாக்காத நரம்பா” என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பொருமுவார்.

மதியம் அவர் கண் அயர்ந்த நேரத்தில் அவள் கணினியைத் திறந்தாள். வக்கீலம்மா அனுப்பிய காலர் மாதிரியை இறக்க இடமில்லை. எல்லாம் பூச்சி. கெட்டுப்போன படங்களையாவது அழிக்கலாம் என்று உட்கார்ந்தவளுக்குக் கெட்டுப்போகாத படம் ஒன்றும் கிடைக்கவில்லை. சாமந்தி இதழ் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. சிலந்தியின் கால்கள் புகை மாதிரி இருந்தன. காற்று, காற்று என்று முணுமுணுத்தபடியே அழித்துக்கொண்டு வந்தாள். அடுத்தது இந்த அறையின் ஜன்னல் கட்டை. மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் செத்து மல்லாந்து கிடந்த ஒரு வண்டு. அதுவும் ஆடியிருந்தது.

அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. டீ டம்ளரை அரைக்கு மேல் ஊற்றாதே என்று அவர் சொல்வது நினைவுக்கு வந்தது. சட்டைக்குப் பட்டனே வேண்டாம், தலைவழியாகப் போடுகிற மாதிரி தைத்துக் கொடு, அதுதான் வசதி என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவளும் தைத்துக் கொடுத்திருக்கிறாள், கழுத்து நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. அவளுக்கு வந்ததெல்லாம் கோபம். மூச்சு விடாதே என்று இந்த மனுஷன் எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை குரல் வந்ததும் துணியோடு போனாள். அதை அவர் மடியில் போட்டாள்.

“கேமராவக் குடுங்க.”

“உனக்கு ஃபோகஸ் பிடிக்கத் தெரியாது. இரு, காத்து நிக்கட்டும்.”

“காத்து இல்லங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஜன்னல்ல செத்துக் கெடந்த வண்டும் ஆடித்தான் இருக்கு.”

அவர் பக்கத்திலிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். அவள் விடுவதாக இல்லை, மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஒரு குழந்தைக்கு ரெண்டு தடவ குத்திட்டேன்” என்றார் கடைசியில். “அது அழக்கூட இல்ல. அவங்கம்மா குழந்தையப் பாக்கல, என் கையத்தான் பாத்தாங்க. அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன்.”

“அப்ப அந்த சூப்பர்வைசர்?”

“அவன் பாவம். லீவு போட்டு டாக்டரப் பாருங்கன்னு கெஞ்சினான்.”

“அவர் பொண்டாட்டி தைக்கக் கொண்டுவந்த துணிய நான் மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பினேனே.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வாயத் தொறக்கல.”

அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். சிரிப்பதா, இந்தத் துணியாலேயே நாலு சாத்து சாத்துவதா என்று அவளுக்குப் புரியவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு முழங்கைகளை மண்ணில் ஊன்றினாள். இப்போது அவர் துணியைப் பிடித்தார். பூவின் மேல் வெளிச்சம் நடுங்கியது.

“இன்னும் கிட்டப் போ. அவசரப்படாத. கண்ணுல பிடிக்காத, இறக்கையில பிடி.”

“கொஞ்சம் வாய மூடுங்க.”

அவள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இறக்கை இரண்டுதான். கண்ணாடி மாதிரி இருந்த அதில் ஒரு நரம்பு, நடுவில் ஓரிடத்தில் தொய்ந்து வளைந்து, மறுபடி நேராகி ஓரத்துக்குப் போயிற்று. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“ஈதான்” என்றார். குரலில் எரிச்சல் முழுசாக இருந்தது. “அந்த ஆள் சொன்னது சரியாப் போச்சு.”

“டாக்டர்கிட்ட எப்ப போறோம்?”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

“உஷ்” என்றார் அவர். அவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவே அந்த ஈ அந்தரத்தில் வந்து நின்றிருந்தது. இறக்கை அடிப்பதே தெரியவில்லை. காற்றில் ஆணி அடித்து மாட்டியதைப் போல இம்மியும் அசையாமல் தொங்கியது. அவர் அதை அவளுக்குக் காட்ட விரலை நீட்டினார். விரல் மேலும் கீழும் ஆடியபடி அதை நெருங்கியது. ஈ நகரவில்லை.