பரிசலில் வந்த காய்ச்சல்

சவரிமுத்துவுக்குக் காய்ச்சல் இல்லை. இருந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பானா? ஆனால் கம்பைநல்லூரில் இருக்கும் அக்கா ஆரோக்கியம்மாளுக்கு, தம்பி தர்மபுரியில் காய்ச்சலோடு படுத்துக்கிடக்கிறான் என்றுதான் தெரியும். முந்தாநாள் பஸ் கண்டக்டரிடம் அவனே சொல்லியனுப்பிய சேதி அது.

எண்பத்தாறாம் வருஷத்துக் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. வருஷா வருஷம் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவன் வேலை. சாமந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றுவது அக்கா வேலை. பதினாலு வருஷமாகத் தவறியதில்லை. இந்த வருஷம் புதுப் பெண்டாட்டி ராஜமேரி, "கல்யாணமாகி ஆறு மாசமாச்சு, பக்கத்துல இருக்கற ஒகேனக்கல்லக்கூடக் காட்டலைங்களே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு போனால் காவிரி வற்றிவிடுமா என்ன? அதை யோசிக்குமுன் பொய் புறப்பட்டுவிட்டது.

"சார் இந்தப் பக்கம், அம்மா எதிர்ல. எடை சரியா இருக்கோணும், அசையாதீங்க" என்றார் பரிசல்காரர் மாது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடு ஆற்றில் மாது துடுப்பைக் குத்திப் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றினார். ராஜமேரி கத்திச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இந்நேரம் சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அக்கா ஒண்டியாகச் சுண்ணாம்பு மட்டையும் கையுமாக நிற்பாள்.

வழியில் பாறை குறுக்கிட்டது. மாது பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார், இவர்கள் பின்னால் நடந்தார்கள். கரையில் மொட்டைத் தலையோடு ஒருத்தர் முழங்கால் தண்ணீரில் நின்று சாம்பல் கரைத்துக்கொண்டிருந்தார். "பெத்தவங்களுக்காக எங்கெங்கிருந்தோ வராங்க சார்" என்றார் மாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? அதற்கப்புறம் வறுத்த மீன்கூட அவனுக்கு இறங்கவில்லை. ராஜமேரிதான் வீட்டுக்கும் ஒரு கிலோ பச்சை மீன் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பூட்டிய வீட்டு வாசற்படியில் ஆரோக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். சவரிமுத்துவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

"வூடு பூட்டியிருக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்டா" என்று எழுந்து வந்து நெற்றியில் கை வைத்தாள். "அய்யோ, இன்னும் சுடுதே!"

பகலெல்லாம் பரிசலில் காய்ந்த வெயில் அது. சுண்ணாம்பு பட்டு அக்காவின் விரல்கள் வெடித்திருந்தன. அந்தச் சொரசொரப்பு நெற்றியில் உறைத்தது.

"கல்லறைக்கு நானே அடிச்சிட்டேன், நீ வெசனப்படாத. ஒனக்குச் சொகமாகோணும்னு என் முடிய வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்திருக்கேன்."

இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி. அக்காவுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். ராஜமேரி மீன் பையை முந்தானைக்குள் மறைத்தாள். வாயை மூடிக்கொண்டால் இதோடு போயிற்று, நாளைக்கு எழுந்து குணமாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த முடி?

"அக்கா, எனக்குக் காச்சலே இல்ல" என்றான். "ஒகேனக்கல்லுக்குப் போயிருந்தோம். பொய் சொல்லிட்டேன். முடிய மட்டும் எடுத்துடாதக்கா."

ஆரோக்கியம்மாள் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். மீன் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அம்மா கல்லறை முன்னால நின்னு நேந்தேன்டா. நீ எங்கிட்டப் பொய் சொன்ன, சரி. நான் மாதாகிட்டச் சொல்ல முடியுமா?"

அவிழ்ந்திருந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டாள்.

"வேளாங்கண்ணிக்கு நீதான் கூட்டிக்கிட்டுப் போகோணும், சவரி. எடுக்கறப்ப பக்கத்துல நில்லு."